வண்டி மாறும் ஊர்: ஷொரனூர்ச் சந்திப்பின் வரலாறு

ஊர்கள் பிறக்கும் வகை பல. ஆற்றங்கரையில் உழவன் குடிசை இட்டால் ஊர் பிறக்கிறது. கோயிலைச் சுற்றித் தேரோடும் வீதி அமைந்தால் ஊர் வளர்கிறது. கழிமுகத்தில் மரக்கலம் நங்கூரம் பாய்ச்சினால் பட்டினம் எழுகிறது. இவை பழைய வழிகள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நம் நாட்டில் புதியதொரு வழி தோன்றியது. இரண்டு இருப்புப்பாதைகள் கூடும் இடத்தில், அதற்கு முன் வயலும் கரம்பும் மட்டுமே இருந்த நிலத்தில், இரவெல்லாம் விளக்குகள் எரியத் தொடங்கின. மன்னன் ஆணையாலோ தெய்வ வாக்காலோ அன்றி, ஒரு பொறியாளன் வரைபடத்தில் இழுத்த கோட்டால் பிறந்த ஊர்கள் அவை. தமிழகத்தில் அரக்கோணமும் ஜோலார்பேட்டையும் போத்தனூரும் இவ்வாறு வளர்ந்தவை. கேரளத்தில் அவ்வரிசையில் முதலில் நிற்பது ஷொரனூர்.

மட்டாஞ்சேரியில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் ஷொரனூர் என்னும் பெயரைக் கேளாதார் இரார். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊர் செல்லும்போது நாம் கடந்து போகும் பெயர் அது. ஆயினும் பெயரை அறிந்த அளவுக்கு ஊரை அறிந்தோமா என்றால் இல்லை என்றே சொல்ல வேண்டும். பாதித் தூக்கத்தில், சன்னல் கம்பிகளுக்கு ஊடே, மஞ்சள் பலகையும் தேநீர்க் குரலுமாக மட்டுமே பலருக்கும் அது நினைவில் உள்ளது. நாம் கொச்சிக்கு வந்த வழியின் வரலாறு அந்த ஊரில் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. அதை விரித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பாதை வருமுன்

பாரதப்புழையின் வடகரையில் அமைந்தது ஷொரனூர். ஆங்கிலேயர் காலத்தில் அது சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தின் வள்ளுவநாட்டுத் தாலுகாவைச் சேர்ந்திருந்தது. கவளப்பாறை நாயர் என்னும் நிலக்கிழார் குடும்பத்தின் செல்வாக்கு மிகுந்த பகுதி அது. ஆற்றின் தென்கரையில் உள்ள செறுதுருத்தியோ கொச்சி மன்னரின் நாடு. ஆகவே, ஒரே மொழி பேசி, ஒரே ஆற்று நீரைக் குடித்த இரு கரை மக்கள் இரு வேறு ஆட்சிகளின் குடிகளாய் இருந்தனர். நெல்வயலும் தென்னந்தோப்பும் ஆற்று மணலும் தவிர, இவ்வூரைத் தனித்துக் காட்டும் சிறப்பு அன்று ஏதுமில்லை.

தென்னிந்தியாவின் முதற் புகைவண்டி 1856ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் சென்னை இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. சென்னை இருப்புப்பாதைக் கழகத்தாரின் நோக்கம் அத்துடன் நிற்கவில்லை. கீழைக்கடலையும் மேலைக்கடலையும் ஒரே பாதையால் இணைக்க வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். ஆகவே மேற்குக் கோடியிலும் பணி தொடங்கிற்று. 1861 மார்ச் 12ஆம் நாள், பேப்பூர் ஆற்று முகத்தில் உள்ள சாலியத்திலிருந்து திரூர் வரை கேரளத்தின் முதல் வண்டி ஓடியது. அடுத்த ஆண்டிற்குள் குற்றிப்புறம், பட்டாம்பி எனப் பாதை கிழக்கே நீண்டது. 1862இல் போத்தனூருக்கும் பட்டாம்பிக்கும் இடைப்பட்ட பகுதியும் திறக்கப்பட்டது. மேற்குத் தொடர்ச்சி மலையில் இயற்கையே வெட்டி வைத்த வாயிலாகிய பாலக்காட்டுக் கணவாய் வழியே இருப்புப்பாதை புகுந்தது. அப்பாதையில் ஆற்றோரமாய் அமைந்த சிறு நிலையங்களுள் ஒன்றே ஷொரனூர்.

இங்கே ஒரு செய்தியைக் கருத்தில் கொள்ள வேண்டும். 1862 முதல் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஷொரனூர் சந்திப்பு அன்று. பாதை ஓரத்து நிலையம் மட்டுமே. ஆனால் கொச்சி நாட்டிற்குள் செல்ல விரும்பியவர் அங்கேதான் இறங்க வேண்டும். அதற்கு அப்பால் மாட்டு வண்டியும் வள்ளமும்தான். 1892ஆம் ஆண்டின் இறுதியில், உலகப் புகழ் பெறுமுன், பரிவிராசகராய்த் திரிந்துகொண்டிருந்த சுவாமி விவேகானந்தர் புகைவண்டியில் ஷொரனூர் வந்து இறங்கி, மாட்டு வண்டியில் திருச்சூர் சென்று, பின்னர் கொடுங்கல்லூர் வழியாக எர்ணாகுளம் அடைந்தார் என்பது அவர் வரலாற்றில் உள்ள செய்தி. அவருக்கு முன்னும் பின்னும் துணி மூட்டையோடும் கைத்தொழிலோடும் தமிழகத்திலிருந்து கொச்சி நாடு புகுந்த எளியவர்க்கும் இதுவே வழி.

கொச்சி கண்ட கனவு

கொச்சி சிறிய சமஸ்தானம். ஆனால் மட்டாஞ்சேரியின் கடைவீதி சிறியதன்று. மிளகும் இஞ்சியும் கொப்பரையும் கயிறும் இங்கிருந்து கப்பல் ஏறின; பர்மா அரிசி இங்கே வந்து இறங்கிற்று. யூதரும் கொங்கணியரும் குசராத்தியரும் கச்சி மேமன்களும் தமிழரும் கூடி வணிகம் செய்த இத்தெருவின் சரக்கு உள்நாட்டிற்குள் செல்ல நல்ல பாதை இல்லை என்பதே குறை. அருகிருந்த மலபாரில் புகைவண்டி ஓடி நாற்பது ஆண்டுகள் ஆகியும் கொச்சி நாடு காயலையும் வள்ளத்தையுமே நம்பியிருந்தது.

அந்நிலையை மாற்றியவர் 1895 முதல் 1914 வரை ஆண்ட இராமவர்ம மன்னர். பின்னர் இராஜரிஷி என்று மக்கள் போற்றிய அவர், ஷொரனூரிலிருந்து எர்ணாகுளத்திற்குத் தம் நாட்டின் செலவிலேயே இருப்புப்பாதை அமைக்க உறுதி பூண்டார். அம்முயற்சி உருவான காலத்தில் திவானாய் இருந்தவர் பி. இராஜகோபாலாச்சாரியார் என்னும் தமிழர் என்பது நாம் மகிழத்தக்க செய்தி. சிறிய நாட்டின் கருவூலத்திற்கு அது பெருஞ்சுமை. திருப்பூணித்துறைப் பூர்ணத்ரயீசர் கோயில் யானைகளின் பொன் நெற்றிப்பட்டங்கள் பதினைந்தில் பதினான்கை விற்றே மன்னர் பணம் திரட்டினார் என்று கொச்சி மக்கள் இன்றும் சொல்லுவர். யானையின் நெற்றியில் இருந்த பொன் தண்டவாளமாகத் தரையில் கிடக்கிறது என்று எண்ணிப் பார்த்தால், அப்பாதையின் மேல் நமக்கு ஒரு மதிப்புப் பிறக்கிறது.

1902ஆம் ஆண்டு ஜூன் 2ஆம் நாள் சரக்கு வண்டியும், ஜூலை 16ஆம் நாள் பயணி வண்டியும் அப்பாதையில் ஓடத் தொடங்கின. ஏறத்தாழ 65 மைல் நீளம். வடக்காஞ்சேரி, திருச்சூர், இரிஞாலக்குடை, சாலக்குடி, அங்கமாலி, ஆலுவாய் வழியாக எர்ணாகுளம். இவற்றுள் அங்கமாலியும் ஆலுவாயும் திருவிதாங்கூருக்கு உரியவை. ஆகவே மலபாரில் தொடங்கி, கொச்சியில் புகுந்து, திருவிதாங்கூரைத் தொட்டு, மீண்டும் கொச்சியில் முடிந்த பாதை அது. மூன்று ஆட்சிகளை ஒரு பகற்பொழுதில் கடக்கலாம் என்பது அக்காலத்தார்க்கு வியப்பாய் இருந்திருக்கும். எர்ணாகுளத்தின் அன்றைய நிலையம் இன்றைய உயர்நீதிமன்றப் பகுதிக்குப் பின்புறம் இருந்தது. அங்கிருந்து மட்டாஞ்சேரிக்குச் சரக்கு காயல் வழியே வள்ளத்தில் வந்தது.

ஆற்றின் மேல் பாலம் எழுந்தது, ஷொரனூர் சந்திப்பாயிற்று.

இரு பாதைகளுக்கு இடையே ஒரு பிழைப்பு

இனிச் சொல்லப்போவதே இவ்வரலாற்றின் உயிர்நிலை. சென்னைக் கழகத்தாரின் பாதை அகலப்பாதை. தண்டவாளங்களின் இடைவெளி 5 அடி 6 அங்குலம். கொச்சி அமைத்ததோ மீட்டர்பாதை. இடைவெளி 3 அடி 3 அங்குலத்திற்குச் சற்று மிகுதி. 1870இல் மேயோ பிரபு வைசிராயாக இருந்தபோது, செலவைக் குறைக்கும் பொருட்டு இந்தியாவில் மீட்டர்பாதையைப் புகுத்த முடிவாயிற்று. சிறிய நாட்டிற்கு ஏற்ற சிக்கனம்தான். ஆனால் அகலப்பாதை வண்டி மீட்டர்பாதையில் ஓடாது. மீட்டர்பாதை வண்டி அகலப்பாதையில் நில்லாது. ஆகவே சென்னையிலிருந்து கொச்சிக்குப் போகும் ஒவ்வொரு மனிதனும் ஒவ்வொரு மூட்டையும் ஷொரனூரில் இறங்கி, மறுவண்டி ஏறியே தீர வேண்டும்.

இந்த இடையூறுதான் ஷொரனூருக்குச் சோறு போட்டது. அகலப்பாதைப் பெட்டி ஒருபுறம், மீட்டர்பாதைப் பெட்டி மறுபுறம், நடுவே சரக்கு மேடை. அரிசி, துணி, உப்பு, பருப்பு எனக் கிழக்கிலிருந்து வந்தவை ஒரு பெட்டியிலிருந்து இறங்கி மறு பெட்டியில் ஏறும். மிளகு, கயிறு, கொப்பரை, மரம் எனத் தெற்கிலிருந்து வந்தவை எதிர்த்திசையில் மாறும். பெரிய பெட்டியின் பாரம் முழுவதும் சிறிய பெட்டியில் அடங்காது; ஆதலால் பாரத்தைப் பிரிக்க வேண்டும். பிரித்தால் எண்ண வேண்டும். எண்ணினால் எழுத வேண்டும். கிழிந்த சாக்கைத் தைக்க ஒருவன், எடை பார்க்க ஒருவன், குறைந்த மூட்டைக்கு விளக்கம் எழுத ஓர் எழுத்தர். மழைக்காலமாயின் படுதா விரிப்போர் வேறு. பாதைகள் மாறும் சந்திப்புகள் எல்லாவற்றிலும் நடந்த வேலை இதுவே.

பயணிகளுக்கும் அப்படியே. ஒரு வண்டி வந்து மறு வண்டி புறப்படும் வரை காத்திருக்க வேண்டும். படுக்கைச் சுருளும் தகரப் பெட்டியும் தூக்கச் சுமையாள், பசித்தவனுக்குச் சோற்றுக் கடை, குழந்தைக்குப் பால், கிழவருக்கு வெந்நீர், இரவு தங்கச் சத்திரம். சாதிக்கொரு பந்தி என்ற அக்கால வழக்கம் நிலைய உணவகங்களிலும் நுழைந்திருந்தது. ஆயினும் ஒரே மேடையில், ஒரே வண்டிக்காக, ஒரே மணியோசையை எதிர்பார்த்து எல்லாரும் நின்றனர் என்பதும் உண்மை. அந்நிலையை நம் நாட்டில் முதலில் உண்டாக்கியவற்றுள் புகைவண்டி மேடையும் ஒன்று.

நிலையத்தைச் சுற்றி எழுந்த குடியிருப்பைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். நிலைய அதிகாரி, கொடிகாட்டி, இயந்திர ஓட்டுநர், நிலக்கரி தள்ளுவோர், பாதை பார்க்கும் கூட்டத்தார், நீர் இறைப்போர், சலவை செய்வோர், முடி திருத்துவோர் என ஒரு சிற்றூருக்கு வேண்டிய அனைவரும் வந்து சேர்ந்தனர். 1908இல் ஜோலார்பேட்டைக்கு மேற்கே உள்ள பாதைகள் தென்னிந்திய இருப்புப்பாதைக் கழகத்தின் பொறுப்பிற்கு வந்தன. அக்கழகத்தின் இந்தியத் தலைமையகம் திருச்சிராப்பள்ளி. ஆதலின் திருச்சியிலிருந்தும் தஞ்சையிலிருந்தும் மதுரையிலிருந்தும் இடமாற்ற ஆணையோடு தமிழ்க் குடும்பங்கள் இப்பாதையோரம் வந்து சேர்ந்தது இயல்பு. மத்திய அரசுப் பணியில் இருக்கும் எம்மனோர்க்கு இந்நிலை விளங்கும். இடமாற்றத்தில் வருபவன் மூன்றாண்டு என்று எண்ணி வருகிறான். குழந்தைகள் பள்ளியில் சேர்ந்துவிட்டால், மூன்றாண்டு முப்பதாண்டு ஆகிவிடுகிறது.

இத்தகைய பிழைப்பு ஷொரனூருக்கு மட்டும் உரியதன்று. ஆஸ்திரேலியாவில் நியூ சௌத் வேல்ஸ், விக்டோரியா என்னும் இரு மாநிலங்களும் வெவ்வேறு அளவுள்ள பாதைகளை அமைத்தன. 1883 முதல் அவை ஆல்பரி என்னும் எல்லை ஊரில் சந்தித்தன. சிட்னியிலிருந்து மெல்போர்ன் செல்வோர் அங்கே நள்ளிரவிலும் குளிரிலும் வண்டி மாறினர். 1962இல் ஒரே அளவுப் பாதை மெல்போர்ன் வரை வந்த பின்னரே அத்தொல்லை தீர்ந்தது. உலகம் எங்கும் ஒரே கதைதான்: ஆட்சியாளர் இருவர் உடன்படாத இடத்தில் சுமையாள் ஒருவனுக்கு வேலை கிடைக்கிறது.

இருண்ட நாள் ஒன்று

சந்திப்பு நிலையத்தின் வரலாறு முழுதும் இனிமையானது அன்று. 1921 நவம்பரில், மாப்பிளைக் கிளர்ச்சியின்போது பிடிக்கப்பட்ட கைதிகளைத் திரூரில் ஒரு மூடிய சரக்குப் பெட்டியில் அடைத்துக் கிழக்கே அனுப்பினர். அவ்வண்டி ஷொரனூர் வழியே சென்று போத்தனூரை அடைந்து கதவு திறக்கப்பட்டபோது, அடைபட்டவர்களுள் பெரும்பாலோர் மூச்சுத் திணறி மாண்டுகிடந்தனர். இறந்தவர் ஏறத்தாழ 70 பேர். நாம் விடுமுறைக்குச் செல்லும் அதே பாதை. நாம் தேநீர் அருந்தும் அதே நிலையங்கள். சரக்குப் பெட்டியில் மனிதனையும் சரக்காய் எண்ணும் மனம் எந்த ஆட்சிக்கும் வரலாம் என்பதற்கு அப்பெட்டி சான்று. திரூரில் அவர்களுக்கு நினைவு மண்டபம் உண்டு. அவ்வழிச் செல்லும் தமிழ்க் குடும்பத்தார் தம் பிள்ளைகளுக்கு இச்செய்தியைச் சொல்லித்தர வேண்டும்.

துறைமுகம் எழுந்தது, இடைவெளி மறைந்தது

கொச்சித் துறைமுகத்தின் வாயிலை மணல்திட்டு ஒன்று அடைத்திருந்தது. பெரிய கப்பல்கள் வெளிக்கடலில் நிற்க, சிறு படகுகள் சரக்கை ஏற்றி இறக்கின. 1920இல் வந்த இராபர்ட் பிரிஸ்டோ என்னும் பொறியாளர் அத்திட்டை வெட்டி ஆழமான வழி அமைத்தார். 1928 மே 26ஆம் நாள் 'பத்மா' என்னும் கப்பல் உள்துறைமுகத்தில் நுழைந்தது. தோண்டிய மண்ணைக் கொட்டி வெல்லிங்டன் தீவு உருவாக்கப்பட்டது. 1936இல் கொச்சி பெருந்துறைமுகம் என அறிவிக்கப்பட்டது.

கப்பல் கரைக்கு வந்த பின், சரக்கு ஷொரனூரில் இறங்கி ஏறுவதை எவர் பொறுப்பர்? 1934ஆம் ஆண்டளவில் ஷொரனூர் எர்ணாகுளம் பாதை அகலப்பாதையாக மாற்றப்பட்டது. சென்னையில் ஏற்றிய பெட்டி கொச்சி வரை திறவாமலே வந்தது. பின்னர், இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பாதை எர்ணாகுளத்திலிருந்து வெல்லிங்டன் தீவில் உள்ள துறைமுக முனையம் வரை நீண்டது. அவ்வழியில் 'மட்டாஞ்சேரி ஹால்ட்' என்னும் சிறு நிறுத்தமும் அமைந்து, நம் ஊர்ப் பெயரும் இருப்புப்பாதை அட்டவணையில் ஏறிற்று.

வணிகர் மகிழ்ந்தனர், பயணிகள் மகிழ்ந்தனர். ஷொரனூரின் சரக்கு மேடையில் நின்றவர் என்ன ஆனார்? முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இரு பாதைகளுக்கும் நடுவே இருந்த இடைவெளியை முதுகால் நிரப்பியவர் அவர். இடைவெளி மறைந்ததும் அவர் வேலையும் மறைந்தது. நிருவாக அறிக்கைகள் பாதையின் நீளத்தையும் வருமானத்தையும் கூறும். பாலத்தின் கண்களை எண்ணிச் சொல்லும். மூட்டை சுமந்தவர் எங்கே போனார் என்று அவை எழுதுவதில்லை.

வேறு பல ஊர்களுக்கும் இந்நிலை நேர்ந்தது. கேரளத்தின் முதல் வண்டி புறப்பட்ட சாலியம், 1888இல் பாதை கோழிக்கோட்டிற்குத் திருப்பப்பட்டதும் நிலையத்தை இழந்து மீண்டும் கடற்கரைச் சிற்றூர் ஆயிற்று. சாலக்குடியிலிருந்து பறம்பிக்குளம் காடுகளுக்கு ஓடிய கொச்சி வனத் திராம்பாதை 1963இல் மூடப்பட்டது. ஷொரனூரிலிருந்து நிலம்பூர்த் தேக்குக் காட்டிற்கு 1927இல் போடப்பட்ட கிளைப்பாதையையே எடுத்துக்கொள்வோம். உலகப்போரின்போது, 1941இல், அதன் தண்டவாளங்களைப் பெயர்த்தெடுத்துவிட்டனர். விடுதலைக்குப் பின் 1953, 1954ஆம் ஆண்டுகளில்தான் அது மீண்டும் உயிர் பெற்றது. இடையிலிருந்த பன்னிரண்டு ஆண்டுகள் அப்பாதையோரத்து ஊர்கள் வண்டியோசை கேளாமல் வாழ்ந்தன.

நம் எர்ணாகுளத்திற்கே அம்முறை வந்தது. 1956இல் கோட்டயத்திற்குப் போடப்பட்டு 1958இல் கொல்லத்தோடு இணைந்த பாதை மீட்டர்பாதை. ஆகவே வடக்கிலிருந்து அகலப்பாதையில் வந்தவர் எர்ணாகுளத்தில் இறங்கி மாறினர். ஷொரனூர் விட்ட வேலையை எர்ணாகுளம் எடுத்துக்கொண்டது எனலாம். 1976இல் திருவனந்தபுரம் வரை அகலப்பாதை ஆனதும் அதுவும் முடிந்தது.

எஞ்சியது எது?

அவ்வாறாயின் ஷொரனூர் அழிந்ததா? இல்லை. சாலியத்திற்கு நேர்ந்தது ஷொரனூருக்கு நேரவில்லை. காரணங்களை ஆராய்ந்தால் நமக்கும் பயன் உண்டு.

முதற் காரணம், அது ஒரு பாதையை மட்டும் நம்பவில்லை. கிழக்கே பாலக்காடு, தெற்கே கொச்சி, வடமேற்கே கோழிக்கோடு, வடக்கே நிலம்பூர் என நான்கு திசைக்கும் அதற்கு வழி இருந்தது. 1907இல் மேலைக்கரைப் பாதை மங்களூரை அடைந்தது. 1998இல் கொங்கண் இருப்புப்பாதை முழுமையும் திறக்கப்பட்டது. அதனால் மும்பைக்குச் செல்லும் வண்டிகளும் ஷொரனூர் வழியே ஓடலாயின. ஒரு கதவு அடைபட்டபோது வேறு மூன்று கதவுகள் திறந்திருந்தன.

இரண்டாவது காரணம், வண்டியோடு தொடர்பில்லாத தொழில்களும் கலைகளும் அங்கே வேரூன்றின. இரும்பு வேளாண் கருவிகள் செய்யும் பட்டறைகளும் ஓட்டுத் தொழிலும் வளர்ந்தன. அக்கரையில், மகாகவி வள்ளத்தோள் நாராயண மேனனும் மணக்குளம் முகுந்த ராஜாவும் 1930இல் நிறுவிய கேரள கலாமண்டலம் 1936ஆம் ஆண்டளவில் செறுதுருத்தியில் நிலைகொண்டது. கதகளி கற்க வெளிநாட்டிலிருந்தும் மாணவர் வந்தனர். வந்தவர் இறங்கியது ஷொரனூரில். செறுதுருத்திப் பக்கத்து நிலையத்திற்கு வள்ளத்தோள் நகர் என்றே பெயர் வைத்தனர். சரக்கை மாற்றிய ஊர் கலையையும் வரவேற்றது. சரக்கு மேடை போயிற்று. செண்டை ஒலி இருக்கிறது.

மூன்றாவது காரணம் எல்லையைப் பற்றியது. 1956 நவம்பர் முதல் நாள் கேரள மாநிலம் பிறந்தது. அதுவரை சென்னை மாநிலத்தில் இருந்த ஷொரனூரும், திருவிதாங்கூர் கொச்சியில் இருந்த செறுதுருத்தியும் ஒரே மாநிலத்தின் இரு கரைகள் ஆயின. அன்று வரை ஆற்றுப் பாலமே எல்லை. தமிழகத்திலிருந்து கொச்சிக்கு வந்தவர் ஷொரனூர் வரை தம் மாகாணத்திலேயே இருந்தார். பாலத்தைக் கடந்தபோதுதான் அயல்நாடு புகுந்தார். எல்லை வாளையாற்றிற்கு நகர்ந்ததும், ஷொரனூர் கோடியில் கிடந்த ஊர் என்பது போய் நாட்டின் நடுவில் அமைந்த ஊர் ஆயிற்று.

ஆனாலும் காலம் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கிறது. கொச்சியிலிருந்து ஆற்றைக் கடந்து ஷொரனூர் நிலையத்திற்குள் நுழையும் வண்டி, பாலக்காட்டிற்குப் போக வேண்டுமாயின், இயந்திரத்தை முன்பக்கத்திலிருந்து பின்பக்கத்திற்கு மாற்றியாக வேண்டும். அந்தத் தாமதத்தைத் தவிர்க்க, ஊருக்குக் கிழக்கே பாதை முக்கோணமாய் இணைக்கப்பட்டது. தொலைதூர வண்டிகள் பல இன்று நிலையத்திற்குள் நுழையாமலே அவ்விணைப்பில் விரைகின்றன. பழைய கொச்சிப் பாலத்தின் ஒரு பகுதி 2011இல் ஆற்றில் சரிந்தது. அதை மறித்து எவரும் அழவில்லை. பக்கத்தில் புதிய பாலங்கள் இருந்தன.

சந்திப்பும் நாமும்

இவ்வளவும் மட்டாஞ்சேரித் தமிழருக்கு எதற்கு என்று கேட்கலாம். நாமும் ஒரு சந்திப்பின் குடிகள் என்பதே என் விடை. மேலைக்கடலும் கீழை நாடும் கூடும் இடத்தில், இரண்டிற்கும் நடுவே உள்ள இடைவெளியில், நம் முன்னோர் பிழைக்க வந்தனர். கடைவீதியில் மூட்டை சுமந்தனர், கணக்கு எழுதினர், வட்டிக்கும் வணிகத்திற்கும் வந்தனர். வேளியில் துணி வெளுத்தவர்களின் வழித்தோன்றல்கள் 1976இல் கட்டப்பட்ட டோபி கானாவில் இன்றும் அத்தொழிலைச் செய்கின்றனர். மலையாளிக்கும் தமிழகத்துச் சந்தைக்கும் இடையே நாம் பாலமாய் இருந்தோம். பாலமாய் இருப்பவனுக்கு மதிப்பு உண்டு. ஆனால் ஆறு திசை மாறினால் பாலத்திற்கு வேலை இல்லை.

ஆறு திசை மாறியதற்குக் கொச்சியே சான்று. 1341இல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளம் முசிறித் துறையைத் தூர்த்துக் கொச்சிக் கழிமுகத்தைத் திறந்தது என்பர். நம் காலத்திலேயும் அது நடந்துள்ளது. 2011இல் வல்லார்பாடத்துச் சரக்குப் பெட்டக முனையம் திறக்கப்பட்டது. அதற்கென இடப்பள்ளியிலிருந்து 4 கிலோமீட்டருக்கு மேல் நீளமான காயற்பாலத்துடன் புதிய இருப்புப்பாதையும் வந்தது. பெட்டகம் திறவாமலே கப்பலில் இருந்து வண்டிக்கு மாறுகிறது. துறைமுக முனையத்தின் வழக்கமான பயணி வண்டிகளோ இந்நூற்றாண்டின் தொடக்கத்திலேயே நின்றுபோயின. மட்டாஞ்சேரி ஹால்ட்டும் அவற்றோடு ஓய்ந்தது. 1934இல் ஷொரனூர்ச் சரக்கு மேடையில் நின்றவனின் கேள்வி, நம் கடைவீதிச் சுமைதூக்கும் தொழிலாளியின் முன் வந்து நின்றது.

ஷொரனூர் நமக்குக் கூறும் அறிவுரை தெளிவானது. வண்டி மாறுவதால் மட்டும் வாழும் ஊர் நிலைக்காது. வந்த இடத்தில் வேரூன்றிய ஊர் நிலைக்கும். ஒரு பாதையை மட்டும் நம்பாமல் நம் பிள்ளைகளுக்குப் பல பாதைகளைத் திறந்துவிட வேண்டும். இருக்கும் நாட்டின் மொழியை நன்கு கற்க வேண்டும். தமிழை வீட்டிலும் சங்கத்திலும் விடாமல் காக்க வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று தடுப்பன அல்ல. இரு பாதைகள் கூடும் இடமே சந்திப்பு. ஒன்றைப் பிடுங்கி எறிந்தால் அது வெறும் நிலையம்.

இன்னொரு கடமையும் உண்டு. கொச்சி இருப்புப்பாதையை அமைத்த மன்னரின் பெயரும் துறைமுகத்தை வெட்டிய பொறியாளரின் பெயரும் வரலாற்றில் உள்ளன. அவை இருக்கத் தக்கவையே. ஆனால் எந்த ஆண்டில், எந்த ஊரிலிருந்து, எங்கே வண்டி மாறி, யார் கையைப் பிடித்துக்கொண்டு நம் பாட்டனும் பாட்டியும் இம்மண்ணில் இறங்கினர் என்பது எந்த அறிக்கையிலும் இல்லை. அது முதியோர் நினைவில் மட்டுமே இருக்கிறது. நம் வீடுகளில் உள்ள முதியவரை இவ்வாண்டே கேட்டு, ஒரு பக்கமாயினும் எழுதி வைப்போம். நூறு குடும்பங்கள் நூறு பக்கம் எழுதினால், மட்டாஞ்சேரித் தமிழர் வரலாற்றுக்கு முதல் நூல் உருவாகிவிடும். பாதை போட்டவர் பெயர் கல்லில் இருக்கிறது. பாரம் சுமந்தவர் பெயரைத் தாளிலாவது ஏற்றுவது அவர் வழிவந்த நம் பொறுப்பு.